தென்னந்தோப்பு மோட்டாருக்கு 0–7 கிலோ கிளிசரின் பிரஷர் கேஜ்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம் எல்லை வரை சொட்டுநீர் போட்ட தோப்புகளில் மோட்டார், வடிகட்டி எல்லாம் இருக்கும். தண்ணீர் வெளியேறும் டெலிவரி குழாயில் அழுத்தம் காட்டும் கேஜ் இருக்காது. கடைசி வரிசை மரத்துக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றால் உடனே பெரிய மோட்டார் மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் இதை மாட்டிப் பாருங்கள்.

63 மி.மீ. முகப்பு, ஸ்டெயின்லெஸ் உறை, கிளிசரின் நிரப்பியது போதும். கிளிசரின் இல்லாதது விலை குறைவுதான், ஆனால் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக உள்ளது) அதிர்வில் முள் நிற்காமல் ஆடி உள்பற்கள் தேய்ந்துவிடும்.

7 கிலோ (சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ அழுத்தம்) அளவு ஏன்? ஒரு கணக்கு: மோட்டாரிலிருந்து தோப்பின் மேல்முனை 18 மீட்டர் உயரம். 63 மி.மீ. பி.வி.சி. குழாய் 300 மீட்டர். நொடிக்கு 3 லிட்டர் ஓடினால் உராய்வில் போகும் அழுத்தம், நீர் உயரமாகச் சொன்னால், 100 மீட்டருக்கு 2 முதல் 2.5 மீட்டர், மொத்தம் 7 என்று வையுங்கள். பெண்டு, வால்வுக்கு 1. வடிகட்டிக்கு 5. சொட்டுவானுக்கு 10. கூட்டினால் 41 மீட்டர்; 10 மீட்டர் நீர் உயரம் சுமார் 1 கிலோ என்பதால் கேஜ் 4.1 காட்ட வேண்டும். முள் முகப்பின் நடுப்பகுதியில் நிற்கும், அதுதான் நல்லது. கிணற்றில் உறிஞ்சும் ஆழம் இந்த அளவில் வராது. மோட்டார் தேர்வு செய்யும்போது தனியாகக் கூட்டுங்கள். 5 மீட்டர் என்றால் மொத்தம் 46 மீட்டர் ஹெட் (மோட்டார் தர வேண்டிய நீர் உயரம்). இதே தண்ணீரை 50 மி.மீ. குழாயில் விட்டால் உராய்வு ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த இடத்தில் தேவை பெரிய குழாய், பெரிய மோட்டார் அல்ல.

இந்தத் தோப்பில் கீழ்ப்பகுதிக்கு 4 கிலோ அழுத்தம் மட்டும் தாங்கும் குழாய் போடவே கூடாது. வால்வை மூடினால் அழுத்தம் 4.1-க்கும் மேலே போகும்.

மாட்டும் இடம் முக்கியம். பெண்டுக்கு ஒட்டி வேண்டாம், சற்று நேரான குழாயில், கேட் வால்வுக்கு முன்னால். அடியில் ஒரு சின்ன பால் வால்வு வைத்தால் தண்ணீரை நிறுத்தாமல் கழற்றலாம். மாட்டுமுன் முள் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரோடு சேர்த்துப் படியுங்கள். அழுத்தம் கூடி, ஆம்பியர் குறைந்தால் வடிகட்டி அடைப்பு. அழுத்தம் குறைந்து, ஆம்பியர் கூடினால் குழாய் எங்கோ உடைந்திருக்கும். இரண்டும் குறைந்தால் ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடிமுனை வால்வு) அடைப்பு, உறிஞ்சு குழாயில் காற்று, தேய்ந்த இம்பெல்லர் (பம்புக்குள் சுற்றும் சக்கரம்) மூன்றையும் பாருங்கள். மூன்று பேஸ் மோட்டாரில் மின் லைன் வேலைக்குப் பிறகு என்றால் முதலில் சுற்றும் திசையைப் பாருங்கள்.

குறை: 1.6 சதவீதத் துல்லியம் கொண்டதில் பிழை 0.11 கிலோ, அதாவது 1 மீட்டருக்குச் சற்று மேல். தோப்புக்கு இது தாராளம். வெயிலில் கிளிசரின் பழுப்பேறி எண்கள் மங்கும். மோட்டார் கொட்டகைக்குள்ளேயே மாட்டுங்கள். முகப்பில் பி.எஸ்.ஐ. கோடும் இருக்கும், 1 கிலோ 14.2 பி.எஸ்.ஐ. எந்த வரிசையைப் படிக்கிறீர்கள் என்று மோட்டார் போடுகிறவரிடம் காட்டி வையுங்கள்.