ஐப்பசியில் பறவை பார்க்க: மலையா, கண்மாயா, கரிசலா?

தீபாவளி விடுப்போடு இன்னும் இரண்டு நாட்களைச் சேர்த்துக்கொண்டு பறவை பார்க்கக் கிளம்ப நினைக்கும் மதுரைக்காரருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. வடமேற்கே போனால் சிறுமலையும் கொடைக்கானலும். வடகிழக்கே போனால் மேலூர், திருப்பத்தூர்ப் பக்கத்துக் கண்மாய்கள். தென்மேற்கே போனால் திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் வட்டாரத்துக் கரிசல் வெளியும் அதனிடையே கிடக்கும் மேய்ச்சல் தரிசும். பெரும்பாலோர் யோசிக்காமலே மலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், எஞ்சியவர்கள் கண்மாய்க்குப் போகிறார்கள், கரிசலை ஒரு போக்கிடமாக எவரும் எண்ணுவதில்லை. புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை நடுப்பகுதி வரையிலான பருவத்துக்கு இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் துணிபு.

மலையின் தகுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. பழனி மலைத்தொடரின் சோலைக்காடுகளில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே உலகில் எங்கும் காண முடியாத பறவைகள் வாழ்கின்றன. பழனிச் சிரிப்பானும் வெண்வயிற்றுச் சோலைச்சிட்டும் நீலகிரி காட்டுப்புறாவும் அவற்றுள் சில. ஆனால் இவை வலசை போகாதவை. ஐப்பசியில் இருப்பவை மாசியிலும் பங்குனியிலும் அதே சோலையில்தான் இருக்கும். அப்போது வானமும் தெளிந்திருக்கும். கொடைக்கானலில் ஆண்டின் கனத்த மழை வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. ஓர் ஐப்பசியில் அங்கே இரண்டு நாள் தங்கி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனிக்குள் சிரிப்பானின் குரலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். தீபாவளி நெரிசலில் மதுரையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் பயணம், 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட இ-பாஸ், விடுதி வாடகை ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தால், அந்தப் பருவத்துக்கே உரியது என்று எதையும் காணாமல் பெரும் செலவு செய்தவராகிறோம்.

மலையடிவாரம் வேறு கணக்கு. வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி, அரசவால் ஈப்பிடிப்பான், கொடிக்கால் வாலாட்டி போன்ற காட்டுப் பறவைகள் இந்த மாதங்களில்தான் நம் பக்கம் வந்து சேர்கின்றன. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் பெயர் பெற்ற ஆறுமணிக்குருவி, நெடும்பறப்பின் களைப்பில் சில சமயம் நகரத்து வீட்டுத் தோட்டத்திலேயே இறங்கிவிடுகிறது. இவற்றுக்காகக் கொடைக்கானல் வரை ஏற வேண்டியதில்லை. அழகர்கோயிலிலிருந்து மலைமேல் செல்லும் பாதையோர மரங்களில் ஒரு காலைப்பொழுதை நிதானமாகச் செலவிட்டாலே போதும்.

கண்மாய்க்கு வருவோம். சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அருகே, மதுரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-ல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 38.4 ஹெக்டேர்தான். கூடு கட்டும் பறவைகள் மிரளக்கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் விட்டுக்கொடுத்ததை நினைத்தாவது அங்கே போய் வர வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வதுண்டு. எனினும் எப்போது போவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மதுரை வட்டாரத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஆகவே ஐப்பசியில் கண்மாய் நிரம்பத் தொடங்கியிருக்கும், அல்லது மழை ஏமாற்றினால் வறண்டு கிடக்கும். நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் இரைவளம் பெருகியதைக் கண்ட பிறகே கூடு கட்டத் துணிகின்றன. ஓரத்துச் சேற்றில் இரை தேடும் உள்ளான்களுக்கோ நிறைந்த கண்மாயில் வேலையே இல்லை. அவற்றின் கால் அளவுக்குத் தண்ணீர் வற்றி, ஓரத்துச் சேறு வெளிப்பட வேண்டும். அது தை, மாசியில் நடப்பது. வடக்கத்தி வாத்துக் கூட்டங்களையும் மார்கழிக்குப் பிறகு பார்ப்பதே நிறைவு. நகரை ஒட்டிய சாமநத்தம், வண்டியூர்க் கண்மாய்களுக்கும் இது பொருந்தும். ஐப்பசியில் கண்மாய்க்கு அரை நாள் ஒதுக்கலாம்; முழு விடுமுறையையும் அங்கே கொட்டக்கூடாது.

இனி கரிசல். தாழப் பறந்து இரை தேடும் வலசைப் பருந்துகளான பூனைப்பருந்துகள் மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து கிளம்பி நம் நாட்டுக்கு வந்து சேரும் காலம் செப்டம்பரும் அக்டோபரும். முதல் மழையில் மானாவாரி நிலம் உழப்பட்டு, புரட்டாசிப் பட்டத்து விதைப்பு முடிந்து, பயிர் முழங்காலுக்குக் கீழே நிற்கும் நாட்கள் அவை. தரிசில் புல் தழைத்து வெட்டுக்கிளி பெருகியிருக்கும். அந்த வெட்டுக்கிளிதான் பூனைப்பருந்துக்கு முக்கிய இரைகளில் ஒன்று. பயிர்காரருக்கு அது செய்யும் உதவியைப் பலர் அறிவதில்லை. சிறகை மேல்நோக்கி மடித்துப் பிடித்தபடி, தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் போகாமல், வரப்பு வரப்பாக அது மிதந்து செல்வதை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். இந்தக் காட்சிக்கு ஏற்ற பொழுது மிகச் சிறியது. சோளமும் மக்காச்சோளமும் ஆள் மறையும் அளவுக்கு வளர்ந்துவிட்டால், அதே நிலத்தில் அதே பறவை இருந்தும் கண்ணில் படுவது அரிதாகிவிடும்.

மற்றப் பறவைகளின் கூட்டமும் குறைவில்லை. மின்கம்பிகளில் பனங்காடை, உழவுச்சாலில் வானம்பாடியும் நெட்டைக்காலியும், புதரடியில் கௌதாரி, பாதையோரத்தில் மஞ்சள்மூக்கு ஆள்காட்டி, தானியம் தேடி அலை அலையாக இறங்கும் சோளப்பட்சி என்று ஒரு காலைநேரத்துக்கு மேல் தாங்கும் சரக்கு அங்கே இருக்கிறது. கள்ளிக்குடிப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி ஒருவர், "பகலெல்லாம் பூச்சி புடிச்சுத் திரியும், பொழுது சாயவும் புல்லுக்குள்ள எறங்கிப் படுத்துக்கிரும் தம்பி" என்று கைகாட்டிய திசையில்தான் நான் முதன்முதலாகப் பூனைப்பருந்துகள் தரையில் அடைவதைக் கண்டேன். மரத்தில் அல்லாமல் புல்லுக்குள் உறங்கும் பருந்து என்பதால், அந்தப் புல் அழிந்தால் அதற்கு மாற்றிடம் இல்லை. வருவாய்ப் பதிவேட்டில் "தரிசு" என்ற ஒற்றைச் சொல்லால் குறிக்கப்படும் இந்நிலங்களில் பாதி சீமைக் கருவேலத்துக்கும் மீதி மனைக்கற்களுக்கும் போய்க்கொண்டிருப்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கரிசலில் நிழல் இல்லை, கழிப்பிடம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது சிரமம். மழை பெய்த மறுநாள் மண் செருப்போடு அப்பிக்கொண்டு ஓரடி நகரவிடாது. இருசக்கர வண்டி அங்கேயே நின்றுவிடும். அத்தகைய நாளுக்கு மாற்றாக அரிட்டாபட்டியை வைத்துக்கொள்ளலாம். மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில், மேலூருக்கு அருகே உள்ள இந்தப் பாறைக்குன்றுகளும் மீனாட்சிபுரமும் சேர்ந்து 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் ராசாளிக் கழுகும் பதிவான இடம் அது. அந்த வட்டாரத்தை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் மக்கள் போராட்டத்துக்குப் பின் 2025 ஜனவரியில் இரத்தானதால்தான் இன்றும் அங்கே அண்ணாந்து பார்க்க முடிகிறது. பாறையில் மழைநீர் நிற்காது. வெறித்த வெயிலில் கழுகுகள் சிறகு உலர்த்திக் கிளம்பும் முற்பகலே அங்கே போகத் தக்க நேரம்.

நான்கு நாள் இருந்தால் என் பங்கீடு இது: கரிசலுக்கு இரண்டு, அரிட்டாபட்டிக்கு ஒன்று, அழகர்மலைக் காலையும் வேட்டங்குடி மாலையுமாக இன்னொன்று. கரிசல் நாட்களில் வெயில் ஏறியதும் திருமங்கலம் வந்து சாப்பிட்டு ஓய்ந்துவிட்டு, மாலை நாலரை மணிக்குள் திரும்பப் போய்விட வேண்டும். அடையும் இடத்துக்கு இருநூறு அடிக்கு இப்பால், வண்டிப்பாதையிலேயே அமர்ந்துகொள்ளுங்கள். டார்ச் அடிக்காதீர்கள், புல்லுக்குள் இறங்காதீர்கள். முதல் பருந்து பெரும்பாலும் ஐந்தரை மணிக்கு மேல் வரும்; அது இரண்டு மூன்று முறை வட்டமிட்டு, புல்லுக்குள் இறங்கி, மறுபடி எழுந்து பார்த்துவிட்டுத்தான் அடங்கும்.