‘பூனைக்கு ஆபத்தில்லாத கொடி’ என்று விற்கிறார்கள், நம்பிவிடாதீர்கள்

11,400 ரூபாய் போச்சு. கொடிக்கும் தொட்டிக்கும் கொஞ்சம், மீதி முழுக்க விலங்கு மருத்துவமனைக்கு. எங்கள் பூனை சிண்டு பிழைத்துக்கொண்டாள், அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

விற்றது, செடிகளை வீட்டுக்கே அனுப்பும் ஓர் இணையக் கடை. பெயர் சொல்லப் போவதில்லை. பணத்தைத் திருப்பித் தராதவர்கள் வக்கீல் நோட்டீஸ் மட்டும் உடனே அனுப்புவார்கள்.

‘பெப்பரோமியா ஸ்காண்டென்ஸ்’ என்று போட்டிருந்தார்கள். இதய வடிவ இலை, படர்ந்து தொங்கும், பூனைக்கு நஞ்சில்லாத வகை. படத்தின் மேல் பச்சை நிறத்தில் ஒரு பாத முத்திரை வேறு. அதை மட்டும் நம்பி வாங்கவில்லை, சாட்டில் கேட்டேன். “எங்கள் பூனை இலையைக் கண்டால் மெல்லும், ஒன்றும் ஆகாதே?” உடனே பதில்: “கவலையே வேண்டாம் மேடம், எங்க வீட்லயும் ரெண்டு பூனை இருக்கு, இதே கொடிதான் வெச்சிருக்கோம்.” அந்த ரெண்டு பூனைதான் என்னைக் கவிழ்த்தது. பூனை வளர்ப்பவர் இந்த விஷயத்தில் பொய் சொல்வாரா என்று பணத்தைக் கட்டினேன். அந்தப் பூனைகள் உலகத்தில் இருக்கின்றனவா என்பதே இப்போது சந்தேகம்.

வந்தது ஃபிலோடென்ட்ரான், பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் பூனைக்கு ஆகாத வேறொரு கொடி. சிண்டு ஒரு தளிரைக் கடித்ததும் எச்சில் நூலாக ஒழுகியது, முன்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டே இருந்தாள், அப்புறம் வாந்தி. தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போய் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிட்டாள். டாக்டர் நான் கொண்டுபோன கிளையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, புதுத் தளிரை மூடியிருந்த மெல்லிய உறையைக் காட்டினார். பெப்பரோமியாவில் அப்படி உறை இருக்காதாம். கணுவில் காற்றுவேரும் எட்டிப் பார்த்தது. இந்த இலையில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன, கடித்தவுடன் வாயிலும் தொண்டையிலும் குத்தும். மணி பிளான்ட், மான்ஸ்டெரா எல்லாம் இதே ரகம்தான். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் தொண்டை வீங்கினால் மூச்சுக்கே கஷ்டம்.

கடைக்கு எழுதினேன். “பூனை வேறெதையாவது தின்றிருக்கும்.” டாக்டர் கொடுத்த சீட்டை அனுப்பினேன். “பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா?” இல்லை என்றதும், “உயிருள்ள பொருளுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை.” 11,400 கேட்டவளுக்கு அடுத்த செடிக்குத் தள்ளுபடிக் கூப்பன்! கடைசியில் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?’ என்று ஒரு செய்தி. அதற்குள் அந்தக் கொடியின் படத்திலிருந்து பாத முத்திரை சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தது.

ஆனால் அவர்கள் விற்கும் செங்காந்தள் கிழங்கின் படத்தில் அதே முத்திரை இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துதான் வயிறு எரிந்தது. செங்காந்தளில் இருப்பது கோல்ச்சிசின் என்ற நஞ்சு. கிழங்கு, இலை, பூ, விதை எல்லாமே விஷம். வாந்தி பேதியில் தொடங்கி உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து உயிரே போகலாம். எனக்கு 11,400 போச்சு, இன்னொருத்தருக்குப் பூனையே போகும்.

என்ன செய்வது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், பொறுமை இல்லை. முத்திரையை நம்பாதீர்கள், செடியின் அறிவியல் பெயரைக் கேட்டு வாங்குங்கள், வந்த செடி அதுதானா என்று தெரிந்தவரிடம் காட்டும்வரை பூனை இருக்கும் அறைக்குள் விடாதீர்கள். உயரத்தில் தொங்கவிட்டால் போதும் என்பார்கள். கொடி கீழே இறங்கும், பூனை மேலே ஏறும். ஐவிக் கொடியும் வேண்டாம், அதுவும் பூனைக்கு நஞ்சு. கொடிதான் வேண்டுமென்றால் ஹோயா பரவாயில்லை, அதுவும் உண்மையிலேயே ஹோயாவாக இருந்தால். கடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், கிளையை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். சாட்டில் பேசியதையும் விளம்பரப் பக்கத்தையும் வாங்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அப்புறம் தேடினால் இருக்காது.