மணல் பூமியில் முட்டைக்கோழி எரு: பல பட்டம் போட்டுப் பார்த்த அனுபவம்

கடலூருக்குத் தெற்கே கடலோர மணல் பூமியில் கத்திரி, வெண்டை, மல்லாட்டை (நிலக்கடலை) வைக்கிறேன். பண்ருட்டிப் பக்கம் செம்மண்ணில் மாமனார் வீட்டு முந்திரித் தோப்பையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு இடத்துக்கும் வருஷக்கணக்காக லேயர் கோழி, அதாவது முட்டைக்கோழி எருதான் அடியுரம். ஆனால் இரண்டு மண்ணிலும் அது ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

வீரியத்தில் குறையே சொல்ல முடியாது. மக்கிய மாட்டெருவில் தழைச்சத்து (நைட்ரஜன்) அரை சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். கோழி எருவில் சுமார் 3 சதவீதம் தழைச்சத்து, 2.6 சதவீதம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 1.4 சதவீதம் சாம்பல்சத்து (பொட்டாஷ்) என்று வேளாண் பல்கலைக்கழகக் கையேடுகளில் போட்டிருக்கிறது. எதைப் போட்டாலும் கீழே இறங்கிவிடுகிற மணலில் கத்திரிச் செடி கரும்பச்சையாக நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் அந்தக் கணக்கை நம்பத்தான் தோன்றும்.

ஆனால் பச்சை எருவை நேராக வயலில் கொட்டவே கூடாது. பண்ணையிலிருந்து வரும்போது அதில் முக்கால் பங்கு தண்ணீர். எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் சிதைந்து அமோனியாவாகும். நாற்றின் வேர் கருகிவிடும். மூட்டையைப் பிரித்ததும் கண்ணில் நீர் வரவைக்கிறதே ஒரு நெடி, அது நாம் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து காற்றில் போவதுதான். அதைப் பிடித்து வைக்க நார்க்கழிவு வேண்டும். தென்னை நார்க்கழிவு ஒரு அடுக்கு, எரு ஒரு அடுக்கு, நடுநடுவே மல்லாட்டைத் தோல் என்று இடுப்பளவு உயரத்துக்குக் குவித்து, மேலே தென்னங்கீற்று போட்டு மூடுகிறேன். சில நாளில் குவியல் சூடேறும். கடப்பாரையை நடுவில் சொருகி வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து உருவினால் நுனியைப் பிடிக்க முடியாது. சூடு 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால்தான் சால்மோனெல்லா போன்ற கிருமியும் களை விதையும் சாகும். வெளிப்பக்கம் உள்ளே போகிற மாதிரி புரட்டிப் போடுவது அதற்காகத்தான். இரண்டரை, மூன்று மாதத்தில் நெடி போய், கையில் பிடித்தால் உருண்டு, தட்டினால் உதிரும். அப்புறம்தான் வயலுக்கு.

ஒரு தடவை வியாபாரி அனுப்பிய லோடு முழுக்கப் புழு நெளிந்தது, பாதி மணல் வேறு. அதிலிருந்து தார்ப்பாயை விலக்கிப் பார்க்காமல் லோடு இறக்குவதில்லை.

மண் விஷயத்துக்கு வருகிறேன். முட்டை ஓடு கெட்டியாக இருக்க லேயர் தீவனத்தில் சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் சேர்ப்பார்கள். உடம்பில் சேராதது எருவோடு வந்துவிடும். பண்ருட்டிச் செம்மண் சற்றுப் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை உள்ளது. அங்கே அந்தச் சுண்ணாம்பு நல்லதே செய்கிறது, முந்திரி நன்றாகத் துளிர்க்கிறது. எங்கள் கடலோர மணலிலோ கிளிஞ்சல் தூள் ஏற்கெனவே கிடக்கிறது. பரிசோதனையில் மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். 8-ஐத் தாண்டியது, அதாவது காரம். அப்படிப்பட்ட மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. மல்லாட்டையில் கொழுந்து மட்டும் வெளுத்து, நரம்பு பச்சையாக நின்றால் அதுதான் காரணம். லிட்டருக்கு 10 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து தெளித்தால் பச்சை திரும்புகிறது. மணலுக்கு எருவின் அளவையும் குறைத்துவிட்டேன். தழைச்சத்துக்குக் கணக்குப் பார்த்து முழுதும் எருவாகவே போட்டால் மணிச்சத்து மிஞ்சும். அது துத்தநாகத்தையும் கிடைக்கவிடாது.

என் மைத்துனன் மாலத்தீவில் ஒரு தீவில் தோட்ட வேலை பார்க்கிறான். "மாமா, இங்க பக்கத்துத் தீவுல லேயர் பண்ணை இருக்கு, எரு சும்மா கிடக்குது. எடுத்துட்டு வந்து போடட்டுமா?" என்று போனில் கேட்டான். நாமக்கல்லிலிருந்து முட்டை கப்பலேறிப் போகிற நாடு அது. உர மூட்டையும் கப்பலில்தான் வரணும். அதனால் அங்கேயே கிடைக்கிற எரு பொன்னுக்குச் சமம், விடாதே என்றேன். ஆனால் பவளப்பாறை நொறுங்கிய மணல் முழுக்கச் சுண்ணாம்பு. எங்கள் மணலின் தொல்லை அங்கே பல மடங்கு. கிரிபாட்டி, துவாலு போன்ற பவளத்தீவு நாடுகளுக்கும் இதே மண்தான். அதனால் எருவைத் தனியாகப் போடாமல் இலைதழையோடு மக்கவைத்துப் போடச் சொன்னேன். கிரிபாட்டியில் நிலத்தடி நீர் எட்டும் அளவுக்குக் குழி வெட்டி, இலைதழை மக்கு போட்டுத்தான் பபாய் என்கிற பெரிய கிழங்கை வளர்க்கிறார்கள்.

அவனிடம் அழுத்திச் சொன்னது தண்ணீரைப் பற்றி. அந்தத் தீவுகளில் மண்ணுக்குள் இறங்கிய மழைநீர் உப்புநீருக்கு மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. மணலில் மிஞ்சுகிற தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி நேராக அதில் இறங்கும். நைட்ரேட் கூடிய தண்ணீர் கைக்குழந்தைக்கு ஆபத்து. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது நம் நாட்டு வரையறை. கடலூர்க் கடற்கரையிலும் நிலைமை பெரிய வித்தியாசமில்லை. பத்துப் பன்னிரண்டு அடியில் நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்பு. அதனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்னால் எரு போடுவதை அடியோடு நிறுத்திவிட்டேன். மழை விட்டு, தை மாதம் ஏர் ஓட்டும்போது பாதி, பூ எடுக்கும்போது செடியோரத்தில் பாதி. குவியலும் கிணற்றுக்கு எதிர்மூலையில், மேட்டில்.

கீரைக்கும் பச்சையாகத் தின்கிற வெள்ளரிக்கும் நன்றாக மக்கியதைக்கூட நடவுக்கு முன்னால் மட்டுமே போடுகிறேன், மேலுரமாக இல்லை. முந்திரிக்கு மரத்தடியில் கொட்டாமல், கிளை நுனிக்கு நேர் கீழே வட்டமாகப் பள்ளம் எடுத்துப் போட்டு மண் தள்ளிவிடுங்கள்.