தர்மபுரியில் ஞாயிறு நாடக வகுப்பு: ஆங்கிலம் படிக்கிற பெண்கள் அவசியம் போக வேண்டிய இடம்

பென்னாகரம் ரோட்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில், ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆங்கில நாடக வகுப்பு நடத்துகிறார். போர்டு கிடையாது, கேள்விப்பட்டுத்தான் ஆட்கள் வருகிறார்கள். பி.ஏ., எம்.ஏ. படிக்கிற பிள்ளைகள், பி.ஜி. டி.ஆர்.பி. என்கிற ஆசிரியர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு மறுபடி புத்தகத்தை எடுத்த என்னைப் போன்ற ஒன்றிரண்டு பேர் என்று கலவையான கூட்டம். போகலாமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். போகலாம், அதுவும் அந்த நாடகங்களில் வரும் பெண்களை உருப்படியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் கண்டிப்பாகப் போங்கள். குறைகளும் இருக்கின்றன, கடைசியில் சொல்கிறேன்.

கல்லூரியில் நாமெல்லாம் இந்தப் பெண்களை எப்படிப் படித்தோம் என்று யோசித்துப் பாருங்கள். ஷேக்ஸ்பியர் என்றால் கைடில் ஒரு கேரக்டர் ஸ்கெட்ச் இருக்கும். லேடி மேக்பெத் பேராசைக்காரி, டெஸ்டிமோனா அப்பாவி, கார்டிலியா பாசமான மகள், போர்ஷியா புத்திசாலி. ஆளுக்கு நாலு குணம், ரெண்டு மேற்கோள், மனப்பாடம் செய்து எழுதினால் மார்க் வந்துவிடும். ஆனால் நாடகம் என்பது ஒரு ஆள் வந்து நின்று, எதிரே நிற்கிறவனிடம் எதையோ சாதிக்கப் பேசுவது. அந்தப் பேச்சை விட்டுவிட்டுக் குணத்தை மட்டும் படித்தால் அந்தப் பெண் எங்கே இருக்கிறாள்? மேடம் முதல் நாளே கைடை மூடிப் பைக்குள் வைக்கச் சொல்லிவிடுகிறார். ஜெராக்ஸ் எடுத்த பக்கங்களைக் கொடுத்து, பாகங்களைப் பிரித்து, எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வைக்கிறார். உச்சரிப்பு தப்பானாலும் நிறுத்துவதில்லை. அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

லேடி மேக்பெத்தை பாலக்கோட்டிலிருந்து வரும் ஒரு பி.ஏ. மாணவி வாசித்தாள். அரசனைக் கொல்லப் புருஷனைத் தூண்டிவிட்டவள் அவள். இரண்டாம் அங்கத்தில், தூங்குகிற அரசன் என் அப்பா சாயலில் இல்லாமல் இருந்திருந்தால் நானே முடித்திருப்பேன் என்று ஒரு வரி வரும். அதுவரை கடகடவென்று வாசித்துக்கொண்டு வந்தவள் அங்கே தானாக நின்றுவிட்டாள். "ஏம்மா நின்னுட்டே?" என்று கேட்டதற்கு, "இவங்களுக்கும் அப்பா இருந்திருக்காரா மேடம்?" என்றாள். எந்தக் கைடிலும் நான் பார்க்காத கேள்வி அது. அப்புறம் ஐந்தாம் அங்கம், தூக்கத்தில் நடக்கும் காட்சி. அதுவரை செய்யுளில் பேசி வந்தவளுக்கு ஷேக்ஸ்பியர் அங்கே உரைநடையைக் கொடுத்திருக்கிறார், அதுவும் துண்டு துண்டாக. கையில் கறை, மணி அடிக்கிறது, கிழவன் உடம்பில் இவ்வளவு ரத்தமா என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வரும். கண்ணால் படிக்கும்போது வழுக்கிக்கொண்டு போய்விடுகிற இந்த மாற்றம் வாயால் சொல்லும்போது மூச்சிலேயே தெரிகிறது. 1785இல் லண்டனில் சாரா சிடன்ஸ் என்ற நடிகை இந்த வேஷம் போட்டபோது, கையிலிருந்த மெழுகுவர்த்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தேய்த்துக் கழுவுவது போல் நடித்தாராம். அதற்கு முன்னால் மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்தபடியே நடிப்பதுதான் வழக்கம். கொட்டகையை நடத்திய ஷெரிடன் வேண்டாம் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. மேடம் இதைச் சொல்லிவிட்டு, அந்த மாணவியையும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார்.

ஷேக்ஸ்பியர் காலத்தில் லண்டன் பொது மேடைகளில் பெண்கள் நடிக்கவில்லை, பையன்கள்தான் இந்த வேஷமெல்லாம் கட்டினார்கள் என்பது நமக்குத் தெரியும். 1642இல் மூடிய கொட்டகைகள் 1660இல் திறந்த பிறகு, அந்த டிசம்பரில்தான் ஒரு பெண் டெஸ்டிமோனாவாக வந்து நின்றார். அப்படியானால் பையன்கள் நடித்ததில் என்ன உயிர் இருந்திருக்கும் என்று சேலத்துப் பெண் ஒருத்தி கேட்க, அரூர் பக்கத்து அக்கா ஒருவர் உடனே பதில் சொன்னார்: "எங்க ஊர் திரௌபதியம்மன் திருவிழாவுல பாரதக் கூத்து பாத்திருக்கியா? துகிலுரியறப்ப பாஞ்சாலி வேஷம் கட்டினவர் ஆம்பளைதான். எங்க அம்மா அழுத அழுகைய நீ பாத்திருக்கணும்." இதற்கு மேல் அங்கே விளக்கம் தேவைப்படவில்லை. ஆஸ் யூ லைக் இட் நாடகத்தில் ஆண் வேஷம் போடுகிற ரோசலிண்டை இந்தச் சூட்டோடு ஒரே மணி நேரத்தில் முடித்துவிட்டோம்.

எனக்கு மிகப் பெரிய விஷயம் ஜான் வெப்ஸ்டர் எழுதிய நாடகத்தில் வரும் மால்ஃபி டச்சஸ், அதாவது மால்ஃபியின் கோமகள்தான். 1613, 14 வாக்கில் மேடையேறிய நாடகம். அவள் கைம்பெண். மறுமணம் கூடாது என்று இரண்டு அண்ணன் தம்பிகள் மிரட்டிவிட்டுப் போன கையோடு, தன் அரண்மனைக் காரியஸ்தன் அன்டோனியோவைக் கூப்பிட்டு, அவனுடைய கண் சிவந்திருக்கிறது, இதை வைத்துத் தேய்த்தால் சரியாகும் என்று தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கிறாள். இரண்டாவது புருஷனுக்குத் தவிர யாருக்கும் கொடுப்பதில்லை என்று சபதம் செய்த மோதிரம் அது என்று அவளே சொல்கிறாள். கேட்பது அவள், அவன் அல்ல. அதற்கான விலையை நாலாம் அங்கத்தில் அந்த அண்ணன் தம்பிகள் வசூலிக்கிறார்கள். கழுத்தை இறுக்கிக் கொல்ல ஆட்கள் வந்து நிற்கும்போது அவள் தோழியிடம் சொல்வது, சின்னவனுக்குச் சளிக்கு மருந்து கொடு, பெண் பிள்ளை தூங்கும் முன் பிரார்த்தனை சொல்லட்டும் என்று. "நான் இன்னும் மால்ஃபியின் டச்சஸ்தான்" என்கிற புகழ்பெற்ற வரியைத்தான் எல்லாரும் பரீட்சையில் எழுதுகிறோம். அதற்குக் கொஞ்சம் பின்னால் இந்தச் சளி மருந்து வருவதை நான் எம்.ஏ. முடிக்கும்வரை யாரும் சொல்லித் தந்ததில்லை. சத்தமாக வாசிக்கும்போது அந்த வரியில் என் குரல் உடைந்துவிட்டது.

முன் வரிசையில் இருந்த ஒரு மாணவி நேராகவே கேட்டாள், "மேடம், இது ஜாதி விட்டுக் கட்டினா வெட்டறாங்களே, அதே கதைதானே?" மேடம் மழுப்பவில்லை. "அங்க ரத்தம், அந்தஸ்துன்னு சொன்னாங்க, சொத்தும் அதுல இருக்கு. இங்க ஜாதின்னு சொல்றோம். அவ பொறந்தவனுங்களுக்கும் நம்ம ஆளுங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லம்மா" என்றார். நம் மாவட்டத்தில் இந்தப் பேச்சை ஒரு வகுப்பறையில் பேசுவதற்குத் துணிச்சல் வேண்டும். இதற்காகவே நான் யாருக்கும் இந்த வகுப்பைச் சொல்வேன்.

காங்கிரீவின் த வே ஆஃப் த வேர்ல்டில் வரும் மில்லமன்ட் வந்த வாரம் வேறு மாதிரி. 1700இல் வந்த நாடகம், கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளும் முன் அவள் நிபந்தனை போடும் காட்சி. கடிதம் யாருக்கு எழுதினாய், யாரிடமிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது, என் அறைக்குள் வரும் முன் கதவைத் தட்ட வேண்டும், என்னைக் கண்ணே மணியே என்று ஊரார் முன் கொஞ்சக் கூடாது. படிக்கிற பெண்கள் ஒவ்வொரு நிபந்தனைக்கும் கைதட்டினார்கள். செல்போனைப் பிடுங்கிப் பார்க்கிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள்தானே எல்லாரும்.

சரி, குறைகள். பெர்னார்ட் ஷாவின் பிக்மேலியனைக் கதையாகச் சொல்லி முடித்துவிட்டார், ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை. பூ விற்கிற பெண் எலைசாவின் கடைசி அங்கப் பேச்சை வாசிக்காமல் அந்த நாடகத்தில் என்ன இருக்கிறது? அவளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த ஹிக்கின்ஸோடு அவளைச் சேர்த்துவைக்க மற்றவர்கள் துடித்தபோது ஷா சண்டை போட்டு, அவள் தன்மேல் ஆசைப்பட்ட ஃப்ரெடியைத்தான் கட்டிக்கொள்கிறாள் என்று பின்னுரையே எழுதியிருக்கிறார். அவ்வளவு பிடிவாதமாக எழுதியதை நாமும் நின்று வாசித்திருக்க வேண்டும். இதைவிடப் பெரிய வருத்தம், நாடகம் எழுதிய பெண்ணான ஆஃப்ரா பென் பட்டியலிலேயே இல்லாதது. பெண்ணே எழுதிய பெண்களை விட்டுவிட்டு இந்த வகுப்பு எப்படி முழுமையாகும்? 1677இல் வந்த த ரோவரில் ஏஞ்சலிக்கா என்ற தாசி தன் படத்தை வாசலில் மாட்டி விலை போட்டிருப்பாள். காசுக்காகத்தானே என்று பழிக்க வருகிறவனிடம், நீங்கள் பெண் பார்க்கப் போகும்போது அவள் அழகையும் குணத்தையுமா கேட்கிறீர்கள், எவ்வளவு சொத்து என்றுதானே கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பாள். வரதட்சணை பேசுகிற ஊரில் இந்தக் காட்சியை விட்டுவிட மனசு வரவில்லை. பரீட்சைக்கு வராததை ஏன் வாசிக்க வேண்டும் என்று டி.ஆர்.பி. கூட்டம் முணுமுணுக்கிறது, மேடமும் கொஞ்சம் அவர்கள் பக்கம் சாய்கிறார்.

இடம் சிறியது, மேலே ஷீட், பத்து மணிக்கு மேல் வெக்கை தாங்காது, ஒரே ஃபேன். ஜெராக்ஸ் சில பக்கங்கள் மங்கல், அதனால் சொந்தப் புத்தகம் இருந்தால் கொண்டுபோங்கள். மாதம் 600 ரூபாய், முடியாதவர்களிடம் வற்புறுத்துவதில்லை. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கமிருந்து வருகிறவர்கள் காலை பஸ்ஸை விட்டால் முதல் அரை மணி நேரம் போய்விடும், ஆரம்பத்தில்தான் பாகம் பிரிப்பார்கள். மாதிரி வினா விடையும் நோட்ஸும் மட்டும் வேண்டும் என்றால் இந்த இடம் ஒத்து வராது.

அடுத்து ஒதெல்லோ. நாலாம் அங்கத்தில் மனைவிகளுக்கும் புருஷன்மாரைப் போலவே உணர்ச்சி உண்டு என்று டெஸ்டிமோனாவின் தோழி எமிலியா பேசும் பகுதி 1622இல் அச்சான பதிப்பில் இல்லை, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் தொகுப்பான 1623 ஃபோலியோவில்தான் இருக்கிறது. எந்தப் புத்தகம் வாங்கினாலும் அந்தப் பகுதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எமிலியா பாகம் வேண்டும் என்றால் சீக்கிரம் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். போகிறவர்கள் ஆஃப்ரா பென்னையும் சேர்க்கச் சொல்லி மேடமிடம் கேளுங்கள், நான் ஒருத்தியே கேட்டுக்கொண்டிருக்கிறேன், நாலைந்து பேர் கேட்டால் நிச்சயம் எடுப்பார்.