அம்மாப்பேட்டைக் கூடத்துக்கு ஓர் ஏ.வி. ரிசீவர்: டெனான் எக்ஸ்1800எச்

எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில், இரண்டு பக்கமும் விசைத்தறிகள் ஓடும் ஒரு தெருவில் இருக்கிறது. முன்கூடம் 17 அடி நீளம், 11 அடி அகலம். தரையில் டைல்ஸ், மேலே கான்கிரீட் தளம், வலப்பக்கச் சுவரில் பூஜை அறைக் கதவு, இடப்பக்கம் சமையலறைக்குப் போகும் வழி. இந்தக் கூடத்துக்காக டெனான் ஏவிஆர்-எக்ஸ்1800எச் ரிசீவரை வாங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. படத்தின் ஒலியைப் பிரித்துப் பல ஸ்பீக்கர்களுக்கு அனுப்பி அவற்றை இயக்கும் கருவிதான் ஏ.வி. ரிசீவர். அதன் குணங்களைச் சொல்வதற்கு முன் கூடத்தின் அளவைச் சொல்லக் காரணம் உண்டு. கடையில் நான் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் ரிசீவரைப் பற்றியவை. அவற்றுக்கான விடைகளோ இந்தக் கூடத்தில் இருந்தன.

முதல் கேள்வி, எத்தனை சேனல், அதாவது எத்தனை தனித்தனி ஒலிவழிகள் என்பது. 5.1 என்றால் முன்னால் மூன்று, பக்கவாட்டில் இரண்டு என ஐந்து ஸ்பீக்கர்களும் கனத்த ஒலிக்கான ஒரு சப்வூஃபரும், 7.1 என்றால் முதுகுக்குப் பின்னால் இன்னும் இரண்டு. எக்ஸ்1800எச் ஏழு ஸ்பீக்கர்களை இயக்க வல்லது. பக்கவாட்டு ஸ்பீக்கர்கள், நாம் திரையைப் பார்த்து அமர்ந்திருக்கும் திசையிலிருந்து 110 முதல் 120 பாகை வரையிலான கோணத்தில், அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அந்தக் கோணத்தில் நூல் பிடித்துப் பார்த்தபோது வலப்பக்க ஸ்பீக்கர் சரியாகப் பூஜை அறைக் கதவின் மேல் வந்து நின்றது. "சாமி ரூமு நெலவு மேல பொட்டியெல்லாம் மாட்டாத கண்ணு" என்று அம்மா ஒரே வரியில் அந்த யோசனையை முடித்துவிட்டார். சோபாவை ஒன்றரை அடி முன்னால் நகர்த்தியதும் கோணமும் கூடவே நகர்ந்து, கதவு நிலைக்கு முன்னாலுள்ள வெறுஞ்சுவரில் விழுந்தது. பின்னால் இரண்டு வைக்கலாம் என்றால் இடப்பக்கம் சுவரே இல்லை, வழிதான் இருக்கிறது. ஆகவே மீதமிருந்த இரண்டு சேனல்களையும் மேலே தளத்துக்குக் கொடுத்தோம். மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ் என்ற ஒலிமுறை இதற்கு வசதி செய்கிறது. இந்த அமைப்பை 5.1.2 என்று எழுதுவார்கள். ஒன்பது சேனல் ரிசீவர் ஒன்றை விற்பனையாளர் மிகவும் வற்புறுத்திக் காட்டினார். கூடுதலான அந்த இரண்டு சேனல்களை எந்தச் சுவரில் மாட்டுவது என்று கேட்டேன். பேச்சை வாட்ஸுக்கு மாற்றிக்கொண்டார்.

வாட்ஸ் கணக்குத்தான் இந்த வியாபாரத்தில் மிகவும் குழப்பமானது. அசெம்பிள் செட்டுகள் விற்ற காலத்தில் பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. என்ற ஊதிப் பெருக்கிய வாட்ஸ் எண்ணை அச்சிட்டிருந்ததைச் சேலத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்றைய கம்பெனி ரிசீவர்களில் அந்த அளவுக்கு மோசமில்லை என்றாலும், ஒரே கருவிக்கு இரண்டு மூன்று வாட்ஸ் எண்கள் போட்டிருப்பது வழக்கமாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு சேனலை மட்டும், 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியில், 10 சதவீத ஒலிச்சிதைவை அனுமதித்து, 6 ஓம் சுமையில் அளந்தால் எண் பெரிதாக வரும். இரண்டு சேனல்களை, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 8 ஓம் சுமையில், சொற்பச் சிதைவோடு அளந்தால் வருவதே நம்பக்கூடிய எண். எக்ஸ்1800எச் இந்த இரண்டாவது அளவில் சேனலுக்கு 80 வாட்ஸ் தருகிறது, சிதைவு 0.08 சதவீதம். ஏழும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடினால் அவ்வளவு கிடைக்காது. எல்லா ரிசீவர்களுக்கும் இது பொருந்தும்.

80 போதாது, 100 வாட்ஸ் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். வாட்ஸ் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் தேவை. 80க்கும் 100க்கும் இடையே 1 டெசிபெல்கூட இல்லை. ஆனால் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது ஒரே அளவு வாட்ஸுக்கு அது எழுப்பும் ஒலியின் அளவு, 86 டெசிபெல்லிலிருந்து 89 டெசிபெல்லாக உயர்ந்தால், அதே ரிசீவரின் வாட்ஸ் இரட்டிப்பானதற்குச் சமம். எனவே ரிசீவருக்குக் கொடுத்ததைப் போல ஒன்றரை மடங்குப் பணத்தை ஸ்பீக்கர்களுக்கும் சப்வூஃபருக்கும் ஒதுக்கினேன். எடுத்த முடிவுகளில் நான் கொஞ்சமும் வருந்தாதது இதுதான்.

இனி, இந்த ரிசீவரை நான் தேர்ந்தெடுத்ததற்கான முதன்மைக் காரணம்: அறையை அளந்து ஒலியைத் திருத்தும் ஆடிசி மல்ட்இக்யூ எக்ஸ்டி என்ற வசதி. பெட்டியோடு வரும் சிறிய மைக்கை உட்காரும் இடத்தில் காது உயரத்தில் நிறுத்தினால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் "ஊய்ப்" என்று ஒரு சீழ்க்கை ஒலியை எழுப்பி, அது மைக்குக்கு வந்து சேரும் நேரத்தையும், சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் விதத்தையும் கணக்கெடுக்கும். இப்படி மைக்கை எட்டு இடங்கள் வரை நகர்த்தி வைத்து அளக்கலாம். டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள நம் வீடுகளில் ஒலி எதிரொலித்துக் கசகசவென்று கேட்பதால், இந்த வசதிக்கு இங்கே மதிப்பு அதிகம்.

ஆனால் இதற்கு அமைதி வேண்டும். ரிசீவரைப் பொருத்த வந்த கடைத் தொழிலாளி மைக்கை வைத்ததும், சுற்றுப்புறச் சத்தம் மிகுதி என்ற பிழைச்செய்தி திரையில் வந்தது. ஃபேனை நிறுத்தினோம், குளிர்பெட்டியை அணைத்தோம், ஜன்னலைச் சாத்தினோம். தறியை நிறுத்த எங்களால் முடியாது. அவர் டேப்பை எடுத்துத் தூரங்களை அளந்து கையாலேயே பதிந்துவிட்டுப் போய்விட்டார். இரவிலும் ஏதாவது ஒரு வீட்டில் தறி ஓடிக்கொண்டே இருக்கும் தெரு இது. இங்கே முழு அமைதி கிடைப்பது பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் மட்டுமே. அன்றைக்கு ரிசீவருக்கும் மின்சாரம் இருக்காது. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சைன்வேவ் இன்வெர்ட்டர் நினைவுக்கு வந்தது. அடுத்த மின்தடை நாளில், காலை 10 மணிக்கு, தெருவே ஊமையாகக் கிடந்த வேளையில், ரிசீவரையும் தொலைக்காட்சியையும் சப்வூஃபரையும் இன்வெர்ட்டரில் இயக்கி, அக்கா மகனின் கேமரா முக்காலியில் மைக்கைக் கட்டி, எட்டு இடங்களிலும் அளந்து முடித்தேன். அரை மணி நேரமும் ஆகவில்லை.

அளவீட்டின் முடிவில் இரண்டு விஷயங்கள் புதியவர்களைக் குழப்பும். சப்வூஃபர் உண்மையில் 9 அடி தூரத்தில் இருக்க, ரிசீவர் 14.5 அடி என்று காட்டியது. கடைக்குத் தொலைபேசியில் கேட்டால், "மெஷின் தப்பா காட்டுது சார், ஒம்பதுன்னு மாத்திக்குங்க" என்றார்கள். அப்படி மாற்றக் கூடாது. சப்வூஃபருக்குள் இருக்கும் சுற்றுகள் ஒலியைச் சற்றுத் தாமதிக்கின்றன. அந்தத் தாமதத்தையும் சேர்த்தே ரிசீவர் அதைத் தூரமாகக் காட்டுகிறது. ஒன்பது என்று மாற்றிப் பார்த்தேன்; பறையடி ஒன்றாக விழாமல் இரண்டாகப் பிளந்தது போல் கேட்டது. பழைய எண்ணையே மீட்டுவைத்தேன். இரண்டாவது, முன் ஸ்பீக்கர்களை ரிசீவர் பெரியவை, அதாவது கனத்த ஒலியையும் தாங்குபவை, என்று முடிவு செய்துவிடும். நாமே அதைச் சிறியது என்று மாற்றி, ஒலியைப் பிரிக்கும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால், கனத்த ஒலியெல்லாம் சப்வூஃபருக்குப் போய், ரிசீவரின் சுமை குறையும்.

இதன் பிறகு கேட்ட ஒலிக்கும் முன்பு டேப்பால் அளந்து வைத்திருந்த ஒலிக்கும் உள்ள வேறுபாடு, ரிசீவரையே மாற்றியது போன்றது. வசனம் திரையின் நடுவிலிருந்து தெளிவாக வந்தது. மழைக் காட்சியில் மேலிருந்து விழும் ஒலியைக் கேட்ட அம்மா, மொட்டைமாடியில் துணி காய்வதாகச் சொல்லி எழுந்தே விட்டார். குறைந்த ஒலியில் கேட்கும்போது கனத்த ஒலி மங்காமல் காக்கும் டைனமிக் இக்யூ இரவுக்கு மிகவும் உதவுகிறது. ஆனால் பக்கவாட்டு ஒலியையும் அது சேர்த்தே உயர்த்துவதால், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு அந்த உயர்வைக் குறைக்கும் ஆஃப்செட் என்ற அமைப்பை 10 டெசிபெல்லில் வைத்திருக்கிறேன். திருத்தத்தை நம் விருப்பப்படி மேலும் மாற்ற வேண்டுமானால் கைபேசிச் செயலி ஒன்றைத் தனியே காசு கொடுத்து வாங்க வேண்டும். இந்த விலைக்கு விற்கும் கருவியோடு அதையும் சேர்த்தே தந்திருக்கலாம்.

இணைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு எச்டிஎம்ஐ உள்ளீடுகள், ஒரு வெளியீடு. உள்ளீடுகளில் மூன்று 8கே காட்சியையும், விளையாட்டுக் கருவிகளுக்கான 4கே 120 ஹெர்ட்ஸையும் கடத்தும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. கடைக்காரர்கள் தொலைக்காட்சியிலிருந்து ரிசீவருக்கு ஆப்டிகல் கேபிள் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வழியாக ஓடிடி தளங்கள் தரும் அட்மாஸ் வராது. அதைச் சுமந்து வரும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற ஒலி வடிவம் ஆப்டிகலில் செல்லாது. தொலைக்காட்சியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி ஏஆர்சி, அதன் மேம்பட்ட வடிவம் இஏஆர்சி. எங்கள் தொலைக்காட்சி பழையது, இஏஆர்சி கிடையாது, சாதாரண ஏஆர்சிதான். ஓடிடி அட்மாஸுக்கு அதுவே போதும். எச்டிஎம்ஐ கேபிளை ஏஆர்சி துளையில் மாட்டியதும் ரிசீவரின் முகப்பில் அட்மாஸ் என்ற எழுத்து வந்தது. ப்ளூரே தட்டின் முழுத்தர ஒலிக்கு இஏஆர்சி வேண்டும், அல்லது பிளேயரை நேரே ரிசீவரில் செருக வேண்டும்.

செட்டாப் பாக்ஸில் வரும் தமிழ் அலைவரிசைகள் பெரும்பாலும் வெறும் ஸ்டீரியோ. அவற்றை டால்பி சரவுண்ட் முறையில் விரித்துக் கேட்டால் கிரிக்கெட் மைதான ஆரவாரம் நன்றாகவே சுற்றிவருகிறது. ஆனால் அம்மா விரும்பிப் பார்ப்பவை கறுப்பு வெள்ளைப் படங்கள். 1935இல் தொடங்கி, ஏற்காடு சாலையில் இன்றைக்கு நுழைவு வளைவாக மட்டும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தின் காலத்துப் படங்களெல்லாம் ஒற்றைத்தட ஒலி. விரிப்பதற்கு அதில் எதுவும் இல்லை. எல்லாம் நடு ஸ்பீக்கருக்குள் போய் ஒடுங்கிவிடும். அவற்றுக்கு ஸ்டீரியோவில் வைத்து முன் ஸ்பீக்கர் இரண்டில் கேட்பதே இதமாக இருக்கிறது. இந்த அமைப்பை ரிமோட்டில் உள்ள ஒரு விரைவு பொத்தானில் பதிந்து, அதன் மேல் சிவப்பு நெயில்பாலிஷ் பொட்டு வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

சேலத்து வெயிலில் கவனிக்க வேண்டியது சூடு. தொலைக்காட்சிக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸில்தான் முதலில் வைத்தோம். சித்திரை மாதத்தில் இரண்டு மணி நேரப் படம் முடிந்து தொட்டுப் பார்த்தபோது மேல்தகடு கை வைக்க முடியாமல் சுட்டது. கண்ணாடியைக் கழற்றி, மேலே அரை அடி இடைவெளி விட்டு, பின்பலகையைத் தச்சரை வைத்து வெட்டிய பிறகு அந்தச் சிக்கல் இல்லை. ஸ்பீக்கர்களுக்கு வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 1.5 ஸ்கொயர் செம்பு வயரையே கேசிங் பட்டிக்குள் விட்டு இழுத்திருக்கிறோம். ஆயிரக்கணக்கில் விலை சொல்லப்பட்ட கேபிளை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் காதுக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்றும் நான் நம்பவில்லை.

யாருக்கு இது வேண்டாம்? தளத்தில் ஸ்பீக்கர் மாட்டும் எண்ணமில்லாத, 4கே 120 ஹெர்ட்ஸ் தேவைப்படாத வீட்டுக்கு, யமஹா ஆர்எக்ஸ்-வி385 போன்ற 5.1 ரிசீவரே நிறைவானது. அதில் அட்மாஸ் இல்லை, எச்டிஎம்ஐ உள்ளீடுகள் நான்குதான். ஆனால் மைக் வைத்து அறையை அளக்கும் ஒய்பிஏஓ வசதி அதிலும் உண்டு. மிச்சமாகும் பணத்தில் நல்ல சப்வூஃபர் வாங்கலாம். 10 அடிக்கு 10 அடி வாடகை வீட்டில், ஆணி அடிக்க அனுமதி இல்லாதவர்களுக்கு ரிசீவரே வேண்டாம், சவுண்ட்பார் போதும். பிற்காலத்தில் ஒன்பது, பதினொன்று என்று விரிக்க நினைப்பவர்கள் எக்ஸ்1800எச்சை விட்டு மேலே போக வேண்டும்; எல்லாச் சேனல்களுக்கும் வெளி ஆம்ப் இணைக்கும் ப்ரீ-அவுட் இதில் இல்லை, கூடத்துச் சேனல்களில் சப்வூஃபருக்கு மட்டுமே இருக்கிறது.

சென்ற வாரம் அம்மாவின் முழங்கால் வலிக்காகச் சோபாவைக் கொடுத்துவிட்டு உயரமான மர நாற்காலிகள் வாங்கியிருக்கிறோம். காது உயரம் அரை அடி கூடிவிட்டதால் பழைய அளவீடு இனிப் பொருந்தாது. முக்காலியை அக்கா மகனிடம் மறுபடி கேட்டிருக்கிறேன். மின்தடை அறிவிப்புக்காக நாளிதழைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.