டெமோவா, வாங்கித் திருப்புவதா, யூடியூப்பா? வன்னியில் இருந்து ஒரு டேட்டா கணக்கு

ஒரு கேமுக்குக் காசு கொடுக்குமுன் சோதித்துப் பார்க்க மூன்று வழிகள் உண்டு. கேமின் ஒரு பகுதியை மட்டும் இலவசமாகத் தரும் டெமோவை இறக்கி விளையாடலாம். முழுக் கேமையும் வாங்கி, பிடிக்காவிட்டால் காசைத் திருப்பிக் கேட்கலாம். இரண்டும் வேண்டாமென்றால் யூடியூப்பில் யாராவது விளையாடுவதைப் பார்க்கலாம். கனடாவில் இருக்கும் மச்சானிடம் கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் சொல்வான். பரந்தனிலோ மாங்குளத்திலோ 4ஜி ரூட்டரை யன்னல் ஓரம் வைத்து சிக்னல் பிடிப்பவருக்கு அந்தப் பதில் சரிவராது. இங்கே முதலில் தீர்வது டேட்டா, காசு அதற்குப் பிறகுதான்.

திருப்பும் வசதியைக் குறைத்துச் சொல்ல முடியாது. கணினிக் கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை 2015இல் இருந்து இதைத் தருகிறது: வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் காசு திரும்பும். எபிக் கடையிலும் ஏறக்குறைய இதே விதிதான். ஜிஓஜி என்ற கடை இன்னும் தாராளம், விளையாடியிருந்தாலும் 30 நாள்வரை கேட்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். பால்டர்ஸ் கேட் 3 என்ற பெரிய கேம் கணினியில் 150 ஜிபி இடம் கேட்கிறது. அவ்வளவையும் விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் இறக்க ஏறக்குறைய 33 மணித்தியாலம் வேண்டும். பகல் டேட்டாவில் கைவைக்காமல், நள்ளிரவில் இருந்து காலை 7 மணிவரை மட்டும் இறக்கினால் ஐந்து இரவு. அதுவும் கரண்ட் போகாமல் இருந்தால். 14 நாளில் ஐந்து போய்விட்டது, கேமை இன்னும் திறக்கவே இல்லை. பிடிக்கவில்லை என்று திருப்பினால் டொலர் வரும், அந்த 150 ஜிபியை யார் தருவது?

டொலரும் முழுதாக வருமா என்பது வேறு கதை. ரூபாய் அட்டையில் வாங்கினால் வங்கி தன் விகிதத்தில் மாற்றிக் கழிக்கும். திரும்பி வரும் நாளின் விகிதம் அதே அளவாக இருக்க வேண்டியதில்லை. திருப்புவதென்றால் காசை ஸ்டீம் வொலட்டிலேயே, அதாவது ஸ்டீமில் உள்ள உங்கள் பணப்பையிலேயே, திரும்பப் பெற்று அடுத்த கேமுக்கு வைத்துக்கொள்வது நல்லது. மச்சான் பரிசாக அனுப்பிய கேம் என்றால் இன்னொரு சங்கடம்: அதையும் திருப்பலாம், ஆனால் காசு அவனுக்குத்தான் போகும். விளக்கம் சொல்லித்தான் ஆகவேண்டும்.

டெமோவுக்கு வருவோம். இது பழைய வழக்கம். 1993இல் வந்த டூம் தன் முதல் பாகத்தை இலவசமாகக் கொடுத்துத்தான் மிச்சத்தை விற்றது. ஆனால் எல்லா டெமோவும் ஒரே குணம் அல்ல. 2019இல் வந்த ரெசிடெண்ட் ஈவில் 2இன் டெமோ 30 நிமிடத்தில் கதவைச் சாத்திவிட்டது. டிராகன் குவெஸ்ட் 11 எஸ் கேமின் டெமோவோ பத்து மணித்தியால அளவுக்கு ஓடும். வாங்கினால் விட்ட இடத்தில் இருந்தே தொடரலாம். அப்படி ஒரு டெமோ கிடைத்தால் வேறு யோசனை எதற்கு?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். டெமோவில் அந்தச் சோற்றை எடுத்துத் தருவது சமைத்தவரே. நன்றாக வெந்ததைத்தான் தருவார். அதனால் கேம் கடைசிவரை நன்றாக இருக்குமா என்று டெமோவிடம் கேட்காதீர்கள். அது நேர்மையாகப் பதில் சொல்லும் கேள்வி வேறு: என் மடிக்கணினியில் இது ஓடுமா? பழைய ஐ5 புரொசெசர், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, 8 ஜிபி ராம் என்று இருப்பவருக்கு இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. பங்குனி வெயிலில் அரை மணித்தியாலம் ஓடியபிறகு மெசின் சூடேறி இழுக்கிறதா என்பதை எந்த விமர்சகரும் சொல்லமாட்டார். ஸ்டீமில் டெமோவின் நேரம் முழுக் கேமோடு சேராமல் தனியாகக் கணக்கிடப்படுவதால், அதில் விளையாடிய நேரம் பிறகு அந்த 2 மணித்தியாலத்தில் கழிபடாது என்பதும் ஒரு லாபம்.

யூடியூப் இதைச் சொல்லாது. அங்கே ஓடுவது வேறொருவருடைய விலையுயர்ந்த கணினி. ஆனால் பத்தாவது மணித்தியாலத்தில் கேம் எப்படி இருக்கும் என்று காட்டக்கூடியது அது மட்டுமே. கத்திக் கூச்சல் போடுகிறவர்களை விட்டுவிட்டு, பேசாமல் விளையாடும் காணொளி ஒன்றைத் தேடி நடுவில் இருந்து, படத்தரத்தை 480பிக்குக் குறைத்துப் பாருங்கள். டேட்டாவும் பெரிதாகப் போகாது.

நாலாவதாக ஒன்று இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும்: கடையில் ஹார்ட் டிஸ்கில் ஏற்றித் தரும் கொப்பி. டேட்டா செலவில்லை என்பதால் அது இங்கே ஓடுகிறது, அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் திருட்டுக் கொப்பி திருட்டுக் கொப்பிதான். பழைய பதிப்பு, அப்டேட் வராது, கூடவே என்ன வைரஸ் வருமென்றும் தெரியாது. சோதனைக்கு என்று எடுத்தவர் பிறகு வாங்கியதை நான் அதிகம் கண்டதில்லை.

பிளேஸ்டேசன் வைத்திருப்பவருக்குத் தெரிவு சுருக்கம். அங்கே வாங்கிய கேமை இறக்கத் தொடங்கினாலே, பழுது இருந்தால் தவிர, திருப்பும் உரிமை போய்விடும். டெமோ இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

கணினிக்கு என் வரிசை இது: டெமோ, பிறகு யூடியூப், திருப்புவது கடைசி. சின்னக் கேம்களுக்கு மட்டும் தலைகீழ். பலாட்ரோ 150 எம்பி இடம்தான் கேட்கிறது. அந்த அளவுக்கு வாங்கித் திருப்பினாலும் டேட்டா நோகாது. டெமோக்களை மொத்தமாகப் பார்க்க, ஸ்டீம் நடத்தும் டெமோத் திருவிழாவான ஸ்டீம் நெக்ஸ்ட் பெஸ்ட் வருடத்தில் மூன்று முறை, மாசி, ஆனி, ஐப்பசி வாக்கில் வரும். ஐப்பசியில் இடி இடித்தால் அம்மா ரூட்டரின் வயரைக் கழற்றிவிடுவார். பரவாயில்லை, ஸ்டீம் விட்ட இடத்தில் இருந்து இறக்கும். பெரிய கேமுக்கு டெமோவே இல்லையென்றால், அதை ஏற்கெனவே வாங்கிய நண்பர் பக்கத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். நீங்களும் வாங்கிவிட்டு உங்கள் கணினியை அவர் வீட்டு ரூட்டரில் இணைத்தால், ஸ்டீம் இணையத்தைத் தொடாமல் அவர் கணினியில் இருந்தே பெரும்பகுதியை இழுத்துக்கொள்ளும். இருவரும் செட்டிங்ஸில் அதை அனுமதித்திருக்க வேண்டும்.