நண்டு, கணவாய்த் திசுவில் உலோகப் பரிசோதனை: இறங்குதளத்துக்கே வரும் ஆய்வகச் சேவை எப்படி?

தொண்டி, மண்டபம், கீழக்கரை இறங்குதளங்களுக்கு வந்து நண்டு, கணவாய், சிப்பி மாதிரிகளை வாங்கிப்போய், தனிமங்களை நிறையால் பிரித்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் காட்மியம், ஈயம், பாதரசம், ஆர்சனிக் அளந்து தரும் தனியார் சேவை இது. திசுவைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தும் அறிக்கை தருகிறார்கள். உலோக எண்களை நம்பலாம். திசு அறிக்கையை அப்படியே ஏற்க வேண்டாம்.

கடல் உயிரித் திசுவில் உப்பு அதிகம். அதிலுள்ள குளோரின், கருவியில் ஓடும் ஆர்கான் வாயுவோடு சேர்ந்து நிறை 75-இல் நிற்கும். ஆர்சனிக்கின் நிறையும் 75. இந்தப் போலிக் கூட்டை வடிகட்டும் ஹீலியம் செல் இல்லாமல் ஓட்டினால் ஆர்சனிக் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். இவர்கள் ஹீலியம் செல்லோடுதான் ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு தொகுதியோடும் டார்ட்-3 என்ற சான்றளிக்கப்பட்ட சிங்கி இறால் செரிமானச் சுரப்பிப் பொடியையும் அளந்து, மீட்புச் சதவீதத்தை (சான்றளித்த அளவில் எவ்வளவு கிடைத்தது என்பதை) நாம் கேட்காமலே அச்சிடுகிறார்கள். பாராட்ட வேண்டிய பழக்கம்.

குறை, படிவத்தில் தொடங்குகிறது. 'முழு உடல்' என்று முன்பே டிக் அடித்திருக்கும், அதை மாற்றுங்கள். உலோகம் உடல் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. எரிமலைப் பகுதிகளில் இது பளிச்சென்று தெரியும்: அட்லாண்டிக்கிலுள்ள போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில், ஃபர்னாஸ் எரிமலைப் பகுதி மண்புழுக்களில் குடலைச் சுற்றிய குளோரகோஜன் திசுவிலும், அட்லாண்டிக் கடலடி வெந்நீர் ஊற்றுகளின் பாத்திமோடியோலஸ் சிப்பிகளில் செவுள், செரிமானச் சுரப்பியிலும் உலோகம் சேர்கிறது. நம் கணவாயிலும் காட்மியம் குவிவது செரிமானச் சுரப்பியில்தான். குடல் நீக்கிய கணவாய்க்கு ஐரோப்பிய காட்மிய வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம். நண்டுத் தசைக்கு 0.5. குடல் எடுக்கும்போது சுரப்பி கிழிந்தால் சதையின் எண்ணும் கெடும். சதை, சுரப்பி, செவுள் மூன்றையும் தனித்தனி டப்பாவில் கொடுங்கள். டப்பா 10% நைட்ரிக் அமிலத்தில் ஊறிய பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கத்தி பீங்கானாக இருப்பது நல்லது. துருப்பிடிக்காத எஃகிலிருந்து குரோமியமும் நிக்கலும் ஒட்டும்.

அறிக்கையில் வருவது உலர் எடைக் கணக்கு, வரம்போ ஈர எடைக்கு. சிப்பிச் சதையில் ஏறத்தாழ 80% நீர். உலர் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் என்றால் ஈர எடையில் சுமார் 0.8. ஈரப்பதச் சதவீதத்தைக் கேட்டு வாங்காவிட்டால் தேறிய சரக்கும் தோற்றதுபோலத் தெரியும்.

திசுவை மெல்லிதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனைக்கும், உலோக மாதிரிக்கு அனுப்பும் அதே ஐஸ் பெட்டியைத்தான் அனுப்புகிறார்கள். அது சரிவராது. உறைந்தால் செல் வெடித்துவிடும்; நண்டின் ஓட்டுக்குள்ளிருக்கும் மஞ்சள் செரிமானச் சுரப்பி, உயிர் போன சிறிது நேரத்திலேயே தன்னைத்தானே செரிக்கத் தொடங்கும். உயிருள்ள நண்டைக் குளிரவைத்து மயக்கி, உடனே திறந்து, 5 மில்லிமீட்டருக்கு மிகாத துண்டுகளாக, திசுவைக் கெடாமல் நிலைநிறுத்தும் டேவிட்சன் கரைசலில் போடுங்கள். கரைசல் திசுவைப்போல் 10 மடங்காவது வேண்டும். 24 முதல் 48 மணி நேரம் கழித்து 70% ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள்.

சுரப்பிக் குழாய்ச் சுவர் மெலிந்திருந்தாலே 'உலோகப் பாதிப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். பட்டினியிலும் இனப்பெருக்கக் காலத்திலும் சுவர் மெலியும். ஃபர்னாஸிலேயே மண் சூடும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து தாக்குவதால், மாற்றத்தை உலோகத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. அதே பருவத்தில், அதே அளவில், வேறு இடத்தில் பிடித்த ஒப்பீட்டு மாதிரியையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மறுத்தால் உலோக அளவீட்டை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.